சுயசேவை இயந்திரம் வாங்கச் சொல்கிறார்கள்: கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்?

தேதிமுத்திரை எழுதியது:

வணக்கம். நான் ஒரு கிளை நூலகர். மூன்று பேர் வேலை பார்க்கும் சின்னக் கிளை. இந்த ஆண்டு எங்களுக்கு "நவீனமயமாக்கல்" என்று ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். ஒதுக்கிய மறுவாரமே ஒரு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். புத்தகத்துக்கு ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு (ரேடியோ அலை வழியாக அடையாளம் சொல்வது), சுயசேவை இரவல் இயந்திரம், பதிவாகாத புத்தகம் வெளியே போனால் அலறும் வாசல் கதவு, வாசகருக்குச் செயலி, எல்லாம் சேர்த்து ஒரே பொதி. படம் போட்டுக் காட்டினார்கள். அந்தப் படத்து நூலகத்தில் ஓர் ஆள்கூட இல்லை. என் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

எனக்கு இயந்திரத்தோடு சண்டை இல்லை. முத்திரை குத்தியே மணிக்கட்டு தேய்ந்தவள் நான். கவலை வேறு. நேற்று ஓர் அம்மா வந்தார். வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும், இணையத்தில் மட்டும்தான் ஏற்பார்களாம். கையில் போன் இருக்கிறது, மின்னஞ்சல் முகவரியும் இருக்கிறது, கடவுச்சொல் மறந்துவிட்டது. மீட்கப் போனால், எப்போதோ தொலைத்த பழைய எண்ணுக்கு ஓ.டி.பி. போகிறது. நாற்பது நிமிடம் அவரோடு உட்கார்ந்தேன். அதற்குள் கவுண்டரில் ஏழு பேர் வரிசை. ஏழு பேரும் தெரிந்த முகங்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கூடுதல் சங்கடம்.

இந்த மாதிரி வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஆகவே என் கேள்வி: இயந்திரம் வந்தால் அந்த நாற்பது நிமிடம் எனக்குக் கிடைக்குமா? இல்லை, "அதுதான் இயந்திரம் இருக்கிறதே" என்று மூன்று பேரை இரண்டு பேராக்கிவிடுவார்களா? பட்டவர்கள் சொல்லுங்கள்.

கரையான் எழுதியது:

மேடம், நான் பன்னிரண்டு வருடமாக நூலக மென்பொருளோடு மாரடிக்கிறவன். சுயசேவை ஏதோ நேற்று வந்த அதிசயம் போலத்தான் விற்க வருகிறவர்கள் பேசுவார்கள். சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக் நூலகம் 1998லேயே முழுக்க ஆர்.எஃப்.ஐ.டி.க்கு மாறிவிட்டது. கால் நூற்றாண்டு ஆன சங்கதி. எது ஓடும், எது மக்கர் பண்ணும் என்பதெல்லாம் தெரிந்தாகிவிட்டது. அதனால் பயப்படாமல் பேரம் பேசுங்கள்.

நூலகச் சில்லில் பாட்டரி கிடையாது. இயந்திரத்தின் தட்டு 13.56 மெகாஹெர்ட்ஸில் வீசும் அலையிலிருந்தே அதற்கு உயிர் வருகிறது, உடனே தன் எண்ணைச் சொல்கிறது. பார்கோடு மாதிரி ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்ட வேண்டாம். நாலைந்து புத்தகத்தைக் குவியலாக வைத்தால் ஒரே மூச்சில் படித்துவிடும். இரவல் பதிவானதும் சில்லில் ஒரு சின்னக் குறி மாறும். வாசல் கதவு பெரும்பாலும் அந்தக் குறியைத்தான் பார்க்கிறது.

மக்கர் பண்ணுவது எங்கே என்றால், உலோகத்துக்குப் பக்கத்தில். பளபளப்பான உலோகத்தாள் அட்டை, இரும்பு அலமாரியின் பக்கச் சட்டம், குறுந்தட்டு இதெல்லாம் அதற்கு ஆகாது. அடுத்தது மெல்லிய புத்தகங்கள். நான் போன ஓர் இடத்தில் குழந்தைகளின் படக்கதைப் புத்தகம் எல்லாவற்றிலும் பின்னட்டையின் ஒரே மூலையில் சில்லை ஒட்டிவைத்திருந்தார்கள். பத்துப் புத்தகத்தை அடுக்கி வைத்தால் சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்து ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. இயந்திரம் ஏழு என்று எண்ணிச் சீட்டுக் கொடுத்தது. வாசலில் கதவு அலற, அந்தப் பையன் எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினான்.

கேட்க வேண்டியவை: சில்லில் எழுதும் தகவல் நூலகங்களுக்கான பொதுத் தரமான ஐ.எஸ்.ஓ. 28560படி இருக்குமா, இல்லை அவர்களுடைய சொந்த முறையா? சொந்த முறை என்றால் நாளைக்கு வேறு இடத்தில் ஒரு கதவுகூட வாங்க முடியாது, மாட்டிக்கொண்டீர்கள். இயந்திரம் உங்கள் நூலக மென்பொருளோடு பேசுவது எஸ்.ஐ.பி.2 என்ற தகவல் பரிமாற்ற முறை வழியாக என்றால், அதைப் பூட்டி அனுப்புகிறார்களா என்று கேளுங்கள்; அது இயல்பிலேயே எல்லாவற்றையும் திறந்த கடிதம்போல அனுப்பும், உறுப்பினர் எண், ரகசிய எண் உட்பட. விட்டுப் போகும்போது உங்கள் நூற்பட்டி முழுவதையும் மார்க் வடிவில் (மற்ற நூலக மென்பொருள்களும் படிக்கும் பொது வடிவம்) எடுத்துத் தருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. எல்லாரும் சுயசேவை இயந்திரத்தையே பார்க்கிறார்கள். உண்மையான லாபம் இருப்புச் சரிபார்ப்பில். கையடக்கக் கருவியை அடுக்கின் முன்னால் நீட்டிக்கொண்டே நடந்தால் போதும். இரண்டு வாரம் மூடிவைத்துப் பதிவேட்டைத் தடவிக்கொண்டிருந்த வேலை சில நாளில் முடிகிறது. இடம் மாறி உட்கார்ந்திருக்கும் புத்தகமும் அகப்படும்.

அடிக்குறிப்பு எழுதியது:

ஆள் குறைப்பு பற்றிய கேள்விக்குக் கரையான் பதில் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன் :)

கரையான் எழுதியது:

அது மென்பொருள் கேள்வி இல்லையே, ஐயா.

பழைய அட்டை எழுதியது:

ஓய்வு பெற்றவன். கேட்டலாக் அட்டையைக் கையால் எழுதிய காலத்து ஆள். நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931ல் சொன்ன ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. இயந்திரம் விற்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். யாருடைய நேரம்? எந்தப் புத்தகம் வேண்டும் என்று தெரிந்து, எடுத்துக்கொண்டு, போகத் தயாராக நிற்பவரின் நேரம். அவருக்கு முன்பும் நூலகர் தேவைப்படவில்லை. எதைக் கேட்பது என்றே தெரியாமல் வருகிறவர் ஒருவர் உண்டு. அவருக்கு இயந்திரம் ஒரு நொடியும் மிச்சப்படுத்தாது.

அப்புறம், "கூட்டாண்மை" என்று இப்போது ஸ்லைடில் போட்டுக் காட்டுகிறார்களே, அதுவும் புதிதல்ல. 1967ல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கல்லூரிகள் சேர்ந்து ஓ.சி.எல்.சி. அமைப்பை உருவாக்கியது எதற்கு? ஒரே புத்தகத்துக்கு ஐம்பது நூலகத்தில் ஐம்பது பேர் தனித்தனியாகப் பகுப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் போட்டால் மற்றவர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆக்கினார்கள். அவர்கள் கடைசி கேட்டலாக் அட்டையை அச்சடித்தது 2015 அக்டோபரில். பலர் நினைப்பதைவிட மிகத் தாமதமாகத்தான். மாற்றம் என்பது அப்படித்தான் வரும். அதனால் அவசரப்படாதீர்கள் அம்மா.

இரவல்காரி எழுதியது:

நூலகர்கள் மட்டுமே பேசுகிறீர்கள், ஒரு வாசகி சொல்லலாமா?

எனக்குப் பதினேழு வயதில் சில புத்தகங்கள் தேவைப்பட்டன. உடம்பு பற்றியவை. எடுத்துக்கொண்டு கவுண்டர் வரை வந்து, அங்கே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்ததும் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். மூன்று முறை. அவர் நல்லவர்தான். ஆனால் எங்கள் வீட்டாரைத் தெரிந்தவர். பிறகு விவாகரத்துச் சட்டம் பற்றிய புத்தகத்தை இன்னோர் ஊர் நூலகத்தின் சுயசேவை இயந்திரத்தில்தான் எடுத்தேன். இயந்திரம் புருவத்தைத் தூக்கவில்லை. பழைய அட்டை ஐயா, முகம் தெரிந்தவர் இருக்கும் கவுண்டர் எல்லாருக்கும் நிழல் தருவதில்லை.

கரையான் எழுதியது:

> இயந்திரம் புருவத்தைத் தூக்கவில்லை

நியாயம். ஆனால் இயந்திரம் மறக்காது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்த அந்தப் புத்தகத்தின் பெயர் உங்கள் கணக்கில் இன்னும் இருக்கக்கூடும். கோஹா மாதிரி நூலக மென்பொருளில், புத்தகம் திரும்பிய உடனேயே யார் எடுத்தார் என்பதை அழித்துவிடும்படி அமைக்கலாம். வசதி இருக்கிறது, யாரோ ஒருவர் போய் அதை இயக்கிவைக்க வேண்டும். நான் பார்த்த பல இடங்களில் யாரும் தொடவே இல்லை.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2005ல் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில், நூலகக் கணினியைப் பயன்படுத்தியவர் விவரத்தைக் கேட்டு எஃப்.பி.ஐ. கடிதம் அனுப்பியது, கடிதம் வந்ததையே வெளியே சொல்லக் கூடாது என்ற தடையோடு. நான்கு நூலகர்கள் நீதிமன்றம் போனார்கள். மறு ஆண்டு தடை விலகியது. வைத்திருக்காத தகவலை யாரும் கேட்டு வாங்க முடியாது. நூலகத்துக்கு அதைவிட நல்ல பூட்டு கிடையாது.

செயலி விஷயத்தில் இன்னும் உஷார். யாருடைய சர்வரில் தகவல் உட்காரும், வேறு யாருக்கெல்லாம் போகும் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பாலம் எழுதியது:

தேதிமுத்திரை மேடத்தின் நாற்பது நிமிடத்துக்கு வருகிறேன். அதற்கு இயந்திரம் பாதி விடைதான். மீதி, அந்த நாற்காலியில் உங்களுக்குப் பதிலாக வேறு யாரை உட்கார வைப்பது என்பது. எங்கள் நூலகத்தில் வெளி அமைப்புகளோடு சேர்ந்து வேலை செய்யும் பொறுப்பு என்னுடையது.

முதலில் எங்கள் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சுகாதார அமைப்போடு ஒப்பந்தம் போட்டோம். கைகுலுக்கிப் படமெல்லாம் எடுத்தோம். அவர்கள் செய்தது, வாசலில் ஒரு ஸ்டாண்ட் வைத்து அதில் துண்டறிக்கை நிரப்பியது. எட்டு மாதம் நின்றது. குழந்தைகள் பின்பக்கம் படம் வரையத்தான் எடுத்துப் போனார்கள். பிறகு ஒரு செவிலியர், "நானே வந்து உட்காருகிறேனே" என்றார். நாளிதழ் மேசைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு ஸ்டூல், ரத்த அழுத்தக் கருவி, அவ்வளவுதான். மாதத்தில் இரண்டு புதன்கிழமை. முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாள், நாளிதழுக்குக் காத்திருந்த ஒரு பெரியவர், சும்மா இருக்கிறோமே என்று கையை நீட்டினார். மூன்றாம் நாள் வரிசை நின்றது. துண்டறிக்கையிலும் அதே செய்திதான் இருந்தது. ஆள் வந்து உட்கார்ந்ததுதான் வித்தியாசம்.

இதைப் பெரிய அளவில் செய்தவர்கள் உண்டு. சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009ல் முழுநேரச் சமூகப் பணியாளர் ஒருவரை நூலகத்துக்குள்ளேயே அமர்த்தியது. வீடில்லாமல் பகல் முழுவதும் அங்கே இருப்பவர்களைக் காவலாளியைக் கூப்பிட்டு வெளியேற்றுவதற்குப் பதில், தங்குமிடத்துக்கும் சிகிச்சைக்கும் வழிகாட்டினார்கள். பிறகு பல ஊர்கள் அதைப் பின்பற்றின. டென்மார்க்கில் ஆர்ஹுஸ் நகரின் டொக்1 நூலகம், 2015ல் திறந்தது, இன்னொரு வழி: நகராட்சியின் மக்கள் சேவைப் பிரிவே நூலகத்துக்குள் இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு வந்தவர் கையில் புத்தகத்தோடு போகிறார். அங்கே மேலே ஒரு பெரிய மணி தொங்குகிறது. நகர மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் பெற்றோர் ஒரு பொத்தானை அழுத்தினால் நூலகத்தில் மணி அடிக்கும். எனக்கு அந்த மணிமேல் கொஞ்சம் பொறாமை உண்டு.

ஆனால் மேடம், நாங்கள் பட்ட அடி வேறு இடத்தில். வேலைவாய்ப்பு ஆலோசகர் ஒருவரை ஓர் அமைப்பு ஒரு வருடத் திட்டத்தில் அனுப்பியது. அருமையாக நடந்தது. திட்டம் முடிந்தது, அவர் போய்விட்டார். வருகிறவர்கள் போகவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வந்து, காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்ப்பார்கள். ஒருவர் தன் விண்ணப்பக் கோப்பை மேசைமேல் வைத்துவிட்டு ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து எந்த ஒப்பந்தத்திலும் நான் முதலில் படிப்பது கடைசிப் பத்தி: இது எப்போது முடிகிறது, முடிந்த மறுநாள் வருகிறவரிடம் யார் என்ன சொல்வது? அது எழுதப்படாவிட்டால் கையெழுத்து இல்லை.

பழைய அட்டை எழுதியது:

மரியாதையோடு கேட்கிறேன். ரத்த அழுத்தம், வேலைவாய்ப்பு, பாஸ்போர்ட். அடுத்தது என்ன, கல்யாணத் தரகா? மற்ற எல்லாத் துறையும் தன் வேலையைச் சரியாகச் செய்யாததால் கதவு திறந்திருக்கும் ஒரே கட்டடம் என்று நூலகத்தின் தலையில் எல்லாவற்றையும் இறக்குகிறார்கள். அந்த நேரத்தில் புத்தகத் தேர்வை யார் செய்வது? கிழிந்ததை யார் எடுப்பது?

அடிக்குறிப்பு எழுதியது:

பாதி ஒப்புக்கொள்கிறேன். எங்கள் நூலகத்தில் 3டி பிரிண்டர் வாங்கினார்கள். ஹெல்சிங்கியில் ஊடி என்று ஒரு நூலகம் 2018 டிசம்பரில் திறந்தது. அதன் நடுத்தளத்தில் தையல் இயந்திரம், 3டி பிரிண்டர், ஒலிப்பதிவு அறை எல்லாம் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வாங்கினார்கள். அங்கே சொல்லித்தர ஆள் இருக்கிறார் என்பது படத்தில் தெரியவில்லை. எங்களுடையது உறையோடு நிற்கிறது. உறையின் மேல் யாரோ நாளிதழ் அடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பாலம் எழுதியது:

பழைய அட்டை ஐயா, கோபம் புரிகிறது. ஆனால் நான் சொல்வது நூலகர் செவிலியராக வேண்டும் என்பதல்ல, அதற்கு நேர் எதிர். இன்று அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவர் தேதிமுத்திரை மேடம். அவர் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அல்ல, தானாக வந்து விழுந்தது. கூட்டு வைத்தால்தான் அதைத் தெரிந்தவர் கையில் கொடுத்துவிட்டு அவர் அடுக்குப் பக்கம் போக முடியும். குறிப்புதவிப் பிரிவில் நீங்கள் செய்ததும் இதுதானே? விடை உங்களிடம் இருந்திருக்காது, எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

அடிக்குறிப்புக்கு: பொருள் இரவல் நன்றாகவே நடக்கும் விஷயம்தான். கலிஃபோர்னியாவின் பெர்க்லி நூலகம் 1979லிருந்து ஏணி, ரம்பம், துளைக்கருவி என்று இரவல் தருகிறது. கருவிக்குக் கூடுதலாக யாரும் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியதில்லை, அதனால் ஓடுகிறது. உங்கள் பிரிண்டருக்கு ஆள் வேண்டும். பக்கத்தில் தொழிற்கல்வி நிலையம் இருந்தால் மாணவர்களைச் சனிக்கிழமை அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

புதுவரவு எழுதியது:

இவ்வளவு சிக்கல் எதற்கு? மொத்தத் தொகையையும் மின்னூலில் போட்டுவிட்டால் கவுண்டரும் வேண்டாம், சில்லும் வேண்டாமே?

கரையான் எழுதியது:

தம்பி, மின்னூலை நூலகம் வாங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெரிய பதிப்பகங்களிடம் பெரும்பாலும் வாடகைக்குத்தான் கிடைக்கும். அச்சுப் புத்தகத்தை ஒருமுறை வாங்கினால் கிழியும் வரை நூலகத்துடையது. மின்னூலுக்கு உரிமம், இரண்டு வருடம் ஆனால் போச்சு, இல்லையென்றால் இத்தனை இரவலோடு போச்சு. ஹார்ப்பர்காலின்ஸ் 2011ல் ஒரு பிரதியை 26 முறை இரவல் தந்ததும் திரும்பக் காசு கட்ட வேண்டும் என்று வைத்தது. மேக்மில்லன் 2019 நவம்பரில், புது மின்னூல் வெளியான முதல் எட்டு வாரத்துக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரே ஒரு பிரதிதான் என்றது. மாநகரம் முழுவதுக்கும் ஒன்று! பல நூலகங்கள் வாங்குவதையே நிறுத்தின. 2020 மார்ச்சில் அதைக் கைவிட்டார்கள். ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம் என்பது இன்னும் பரவலாக உண்டு. "கணினியில் இருக்கும் புத்தகத்துக்கு எதற்கு வரிசை?" என்று கேட்கும் வாசகருக்கு விளக்கம் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் கிடப்பவருக்கு அதுதான் நூலகம். ஆனால் உரிமம் தீர்ந்ததும் அடுக்கில் எதுவும் மிஞ்சாது என்று தெரிந்து வாங்குங்கள்.

மிஞ்சுகிற வேலை என்றால், வேறு எங்கும் இல்லாததை நீங்களே எண்மமாக்குவது. தமிழிலேயே இதற்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். மதுரைத் திட்டம் 1998லிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தே வளர்ந்தது. இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கு நூலகம் அறக்கட்டளை 2005லிருந்து. சிங்கப்பூரில் 2015ல் தன்னார்வலர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து அங்கு வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களை எண்மமாக்கினார்கள். தேடி எடுத்து, எழுத்தாளர்களிடம் அனுமதி வாங்கியது தன்னார்வலர்கள்; காப்பது நூலகம். கூட்டு என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அதுதான்.

செவிவாசகன் எழுதியது:

நான் பார்வையற்றவன். திரைவாசிப்பான் வழியாக இந்த இழை முழுவதையும் கேட்டேன். இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்.

நான் போகும் நூலகத்தில் முன்பு கவுண்டரில் அட்டையை நீட்டுவேன், ஒலிப்புத்தகத்தைக் கொடுப்பார்கள், வந்துவிடுவேன். சுயசேவை இயந்திரம் வந்தது. தொடுதிரை. மேலிருந்து கீழ் வரை வழவழவென்று ஒரு கண்ணாடி. அதில் எங்கே தொடுவது? பொத்தான் இல்லை, ஒலி இல்லை. என்னால் தனியாக ஆகிக்கொண்டிருந்த ஒரு வேலைக்கு இப்போது பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவர் திரையில் என் கணக்கைப் பார்ப்பார், நான் என்ன எடுக்கிறேன் என்று சத்தமாகப் படிப்பார். இரவல்காரி சொன்னாரே புருவம், அது எனக்கு இயந்திரத்தோடு சேர்ந்துதான் வந்தது.

எண்மமாக்கல் பற்றிக் கரையான் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. பக்கத்தைப் படம் பிடித்துப் பி.டி.எஃப். ஆக்கிப் போடுவது எண்மமாக்கல் என்றால், என்னைப் பொறுத்தவரை அது வெற்றுத்தாள். எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைக் கண்டுபிடித்து உரையாக்கும் மென்பொருள்) போட்டுப் பிழை திருத்தினால்தான் எனக்குப் புத்தகம். தமிழில் துணைக்காலுக்கும் ர எழுத்துக்கும் அச்சில் அதிக வித்தியாசம் இல்லை என்பதால் எழுத்துணரி தடுமாறும். "நிலா" என்பதை "நிலர" என்று எனக்குப் படித்துக் காட்டும். ஒரு கவிதைத் தொகுப்பு முழுக்க நிலர நிலர என்று கேட்டிருக்கிறேன். இப்போது சிரிப்பு வருகிறது.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. 2013ல் மராகேஷ் உடன்படிக்கை வந்தது, 2016ல் நடைமுறைக்கு வந்தது. அதை முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காக ஒரு நூலைப் படிக்கத்தக்க வடிவில் மாற்றவும், உடன்படிக்கையில் உள்ள நாடுகளுக்குள் பகிரவும் பதிப்பாளரிடம் தனியாக அனுமதி வாங்கத் தேவையில்லை. டெய்சி என்ற ஒலிநூல் வடிவில் ஒரு நூலகம் செய்ததை இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். அதாவது இங்கேயும் கூட்டுதான்.

மேடம், அந்த இரண்டு பேரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கண்ணை மூடிக்கொண்டு இதில் ஒரு புத்தகம் எடுத்துக் காட்டுங்கள்.

தேதிமுத்திரை எழுதியது:

செவிவாசகன் சார், இதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் உறுப்பினர்களிலேயே இரண்டு பேர் உங்கள் நிலையில் இருக்கிறார்கள். வாரம் ஒருமுறை வருகிறார்கள், நானே பதிவு போட்டுக் கொடுத்து அனுப்புகிறேன். இயந்திரம் வந்தால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். திங்கட்கிழமை அந்த நிறுவனத்தார் மறுபடி வருகிறார்கள். கேட்கிறேன்.

கரையான் எழுதியது:

திங்களுக்கு முன் இன்னொன்றும் கேட்டுவையுங்கள்: எல்லாம் ஒருநாள் படுத்துவிட்டால் என்ன செய்வது? பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை 2023 அக்டோபரில் பணம் கேட்டு மிரட்டும் இணையத் திருடர்கள் பூட்டினார்கள். பணம் தரவில்லை. புத்தகமெல்லாம் கட்டடத்துக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது, ஆனால் எது எங்கே என்று சொல்லும் நூற்பட்டி இல்லை. இணைய நூற்பட்டி தேடுமளவுக்குத் திரும்ப மறு ஆண்டு ஜனவரி ஆனது. நடந்ததை மறைக்காமல் 2024 மார்ச்சில் ஓர் அறிக்கையாகவே வெளியிட்டார்கள், நூலகக் கணினியைத் தொடும் எவரும் படிக்க வேண்டியது. அதே அக்டோபரில் டொராண்டோ பொது நூலகமும் மாட்டியது. இரவல் கையால் எழுதித் தந்தார்கள். திரும்பி வந்ததைப் பதிவு செய்ய வழியில்லாததால் சுமார் பத்து லட்சம் புத்தகங்கள் லாரிப் பெட்டிகளில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன.

நகலை இணைப்பிலிருந்து துண்டித்து வேறு இடத்தில் வையுங்கள். வருடத்துக்கு ஒருநாள் கணினியை அணைத்துவிட்டுக் காகிதத்தில் இரவல் கொடுத்துப் பாருங்கள். எங்கே திணறுகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

தேதிமுத்திரை எழுதியது:

முத்திரையும் மைப்பெட்டியும் பத்திரமாக இருக்கின்றன, சார். பெயரே அதுதானே வைத்திருக்கிறேன்.

தேதிமுத்திரை எழுதியது:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், வேலை.

சில்லு தரப்படிதான், எழுதித் தந்தார்கள். நூற்பட்டியைத் திருப்பித் தருவதும் எழுத்தில் வந்தது. அதற்கு இரண்டு சுற்றுக் கடிதப் போக்குவரத்து. செயலி வேண்டாம் என்றுவிட்டேன். சர்வர் எங்கே என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள், போதும் என்று தோன்றியது. வாசல் கதவும் வேண்டாம். எங்களிடம் தொலைகிற புத்தகத்துக்கும் கதவின் பராமரிப்புக்கும் கணக்குப் போட்டால் தொலைவதே மேல். ஆக, சில்லு, ஓர் இயந்திரம், ஒரு கையடக்கக் கருவி. இயந்திரம் கவுண்டருக்குப் பக்கத்தில் நிற்கும், கவுண்டரும் இருக்கும்.

ஆள் விஷயம். குழுக் கூட்டத்தில், "இதனால் மிச்சமாகும் நேரத்தை எங்கே போடுகிறோம் என்பதையும் தீர்மானத்தில் எழுத வேண்டும்" என்றேன். ஒருவர், "அதெல்லாம் எதற்கு எழுத்தில்?" என்றார். அவர் கேட்ட விதத்திலேயே எழுத வேண்டும் என்று உறுதியாகிவிட்டது. செவ்வாய், வியாழன் பிற்பகல் உதவி மேசை, ஒருவர் அங்கேயே இருப்பார் என்று பதிவாகியிருக்கிறது. மூன்று பேர் மூன்று பேராகவே இருப்போமா என்பதற்கு மட்டும் ஒரு வருடம் உத்தரவாதம். அதற்கு மேல் வாங்க முடியவில்லை.

பாலம் சொன்னபடி வேலை வழிகாட்டும் ஓர் அமைப்போடு பேசினேன். மாதம் இரண்டு வியாழன் வருகிறார்கள். ஒரே பக்க ஒப்பந்தம், கடைசிப் பத்தியை முதலில் எழுதினோம். அவர்களுக்கே அது புதுசாம். முதல் வியாழன் நான்கு பேர் வந்தார்கள். மூன்று பேரின் சிக்கல் வேலையே இல்லை, மறந்துபோன கடவுச்சொல். ஆலோசகர் என்னைப் பார்த்தார். நான் அடுக்குப் பக்கம் போய்விட்டேன்.

பழைய அட்டை ஐயாவுக்கு: கிழிந்த புத்தகங்களை எடுக்கத் தொடங்கிவிட்டேன். சில்லு ஒட்டுவதற்கு எப்படியும் ஒவ்வொன்றையும் கையில் எடுக்க வேண்டுமே.

கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் காட்டச் சொன்னேன். வந்தவர் சிரித்தார், பிறகு முயன்றார், பிறகு சிரிக்கவில்லை. ஒலி வசதி உள்ள மாதிரி அனுப்புகிறோம் என்றார்கள். வந்திருக்கிறது. முன்பக்கம் ஹெட்போன் செருகும் துளை இருக்கிறது. செருகிப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. பின்பக்கம் திறந்து பார்த்தால் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை.

கரையான் எழுதியது:

சூப்பர் :) ஏற்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிடவில்லையே? படக்கதைப் புத்தகங்களில் சில்லை மூன்று உயரத்தில் மாற்றி மாற்றி ஒட்டுங்கள்: கீழே, நடுவில், மேலே, மறுபடி கீழே. முதுகுப் பக்கமாக.

தேதிமுத்திரை எழுதியது:

போடவில்லை. கம்பி போட அடுத்த வெள்ளிக்கிழமை ஆள் வருகிறாராம்.

செவிவாசகன் எழுதியது:

அவர் போனதும் உடனே கையெழுத்துப் போடாதீர்கள் மேடம். எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், வீடியோ காலில் வருகிறேன். போனை இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு அது சொல்கிறபடியே ஒரு புத்தகம் எடுங்கள். எனக்குக் காட்சி வேண்டாம், ஒலி போதும். எங்கே தடுக்குகிறது என்று கேட்டே சொல்லிவிடுவேன்.